மிஷின்காரர் படகை நிறுத்தினது

நாலு நாள் லீவுல மூணு நாளைத் தன் சகலைக்குத் தாரை வார்க்கறதில்லைன்னு மிஷின்காரர் முடிவு கட்டிட்டாரு.

தையல் மிஷின் ரிப்பேர் கடை வெச்சிருக்கறவரு. வருஷம் பூரா அறுந்த நூலோட மல்லுக்கட்டிட்டு, ஆத்துல தங்கிப் போற மோட்டார் படகு ஒண்ணை வாடகைக்கு எடுத்திருந்தாரு. ரெண்டு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு தூண்டில். வீட்டம்மா போட்ட திட்டம் வேற: நேரா ஆத்தோட கீழ்ப்பக்கம், தங்கச்சி வீட்டுக்கு. தங்கச்சி புருஷன் புது வீடு கட்டியிருக்காரு. போன தடவை கீழ இருக்கற பதினோரு குழாயையும் ஒண்ணொண்ணா திறந்து, "பிரஷரைப் பாருங்கண்ணே"ன்னாரு. மாடியில இன்னும் நாலு பாக்கி.

வழியில ஒரு சின்ன ஊரு. படித்துறை, மர நிழல், துள்ளற மீனு. மிஷின்காரர் கமுக்கமா குனிஞ்சு இன்ஜினுக்குப் போற பெட்ரோலை அடைச்சாரு. படகு ரெண்டு தும்மல் தும்மிட்டு நின்னுது.

"என்னங்க ஆச்சு?"

"இன்ஜின் போச்சும்மா. என்னால முடியாது. மெக்கானிக் வர மூணு நாளாகும். சாப்பாடு ஆச்சா?"

அங்கதான் சறுக்கினாரு. கல்யாணமாகிப் பதினாறு வருஷத்துல எந்த மிஷின் முன்னாடியும் 'முடியாது'ன்னு அவர் சொன்னதில்லை. நெசமாவே ஒண்ணு மக்கர் பண்ணா, 'பத்தே நிமிஷம்'பாரு. அது ஓடற வரைக்கும் பச்சைத்தண்ணி பல்லுல படாது. இன்னிக்கு ரெண்டாந்தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாரு.

வீட்டம்மா பரிமாறிட்டு, பையை எடுத்துக்கிட்டு ஊருக்குள்ள போனாங்க.

மிஷின்காரர் தூண்டிலைப் போட்டு ஒரு மணி நேரம் உக்காந்தாரு. ஒரு மீனும் மாட்டலை. யாரும் எந்தக் குழாயையும் திறக்கலை. சொர்க்கம்.

வீட்டம்மா தக்காளியோட திரும்பி வந்தாங்க.

"தங்கச்சிகிட்ட போன்ல பேசிட்டேங்க."

"வர முடியாதுன்னுட்டியா? பாவம்."

"சொன்னேன். நீங்க வர வேண்டாம், நாங்களே வர்றோம்னுட்டா."

தூண்டில் கையை விட்டு நழுவிச்சு.

"யாரு யாரு?"

"எல்லாரும்தான். ஏழு பேரு. மூணு நாளும் இங்கயே."

"இருக்கறது ரெண்டு கட்டில்தானே?"

"நெருக்கிப் படுத்தா போச்சு. உங்க சகலை உங்க பக்கத்துல படுத்துக்கறாராம். அஸ்திவாரம் தோண்டின கதை பாதியில நிக்குதாமே."

"கிளம்பிட்டாங்களா?"

"துணிமணி எடுத்து வெச்சிட்டிருக்காங்க. உங்ககூட மீன் பிடிக்கணும்னு அவருக்கு ஒரே ஆசை."

மிஷின்காரர் எந்திரிச்சாரு. இன்ஜின் மூடியைத் திறந்து கையை விட்டாரு. பத்து எண்றதுக்குள்ள படகு உறுமிச்சு.

"அட, சரியாயிடுச்சா?" வீட்டம்மா முகத்துல ஆச்சரியம்னு ஒண்ணு மருந்துக்கும் இல்லை.

"சின்னத் தூசிதான். அவங்களை எதுக்கு அலைய விடணும்? நாமளே போயிடலாம். அங்கயாவது எனக்குத் தனிக் கட்டில் உண்டு."

"உங்க இஷ்டம். நான் இழுத்துட்டுப் போனேன்னு அப்புறம் சொல்லக்கூடாது."

"நானேதான் கூப்பிடறேன், வா."

படகு காத்தாப் பறந்துது. ரெண்டு வளைவு தாண்டினதும்தான் மிஷின்காரருக்கு மூச்சு வந்துது.

"போனைப் போட்டு, கிளம்ப வேண்டாம்னு சொல்லிடு."

வீட்டம்மா போனை வானத்தைப் பாக்கத் தூக்கிப் பிடிச்சாங்க.

"இருங்க, இப்பதான் டவரே கிடைக்குது. அந்த ஊர்ல ஒரு கோடுகூட வரலை."