சிவப்பு விளக்கில் மட்டும் கொதிக்கும் வண்டி

வின்னிபெக்,
ஜூலை 15, 1993

மதிப்பும் அன்பும் நிறைந்த மச்சான் ஓரெஸ்ட் அவர்களுக்கு,

வால்டர் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் தங்கை ஓல்காவும் மகள் டார்லீனும் சுகம், வண்டிக்குத்தான் சுகமில்லை. அங்கே டாஃபினில் தங்களுக்கும் மேரியன் அக்காவுக்கும் வயலில் நிற்கும் கோதுமைக்கும் ஒரு குறையும் இராதென்று நம்புகிறேன்.

வேறு யாராவது தங்கள் காதில் போடுவதற்குள் என் மானம் போன கதையை நானே சொல்லிவிடுகிறேன். இஞ்சின் சூடேறினால் ஹீட்டரை முழுசாகத் திறந்துவிடு, சூடு உள்ளே இறங்கி இஞ்சின் ஆறும் என்று போனில் சொன்னீர்களே, அப்படியே செய்தேன். சென்ற வாரம் செவ்வாய் மாலை ஐந்து மணி, வெளியே முப்பத்திரண்டு டிகிரி, போர்ட்டேஜ் தெருவில் வண்டிக்கு வண்டி முட்டுகிற நெரிசல், சூடு காட்டும் முள் சிவப்புக் கோட்டைப் பார்த்து ஏற ஏற நான் ஹீட்டரைத் திறந்து, கண்ணாடிகளை இறக்கி, சட்டையைக் கழற்றி, பனியனையும் கழற்றி, குனிந்து காலுறையை உருவிக்கொண்டிருந்தபோது பக்கத்து வண்டியில் நம் பாதிரியாரின் மனைவி. "வால்டர், எல்லாம் நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்டார். "இஞ்சின் சூடும்மா" என்றேன். "தெரியுது" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு நான் போகவில்லை, வயிற்றுவலி என்று சொல்லியிருக்கிறது.

சங்கதி இதுதான் மச்சான். நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் போனால் முள் நடுவில் சாதுவாக உட்கார்ந்திருக்கிறது. சிவப்பு விளக்கில் நின்றால் மூன்று நிமிடத்தில் கொதிக்கிறது. ஓடினால் குளிர்ச்சி, நின்றால் சூடு, மனுசனுக்கு நேர்மாறு. விசிறி சுற்றுகிறதா பார் என்றீர்கள். இஞ்சின் மூடியைத் தூக்கி எட்டிப் பார்த்தேன், என் ஹாக்கித் தொப்பியை இழுத்துக் கடித்துத் துப்பியது, ஆகையால் சுற்றுகிறது என்பது உறுதி. பக்கத்து வீட்டு நெஸ்டர், "சூடானா தண்ணிக்கு வழி விடுற தெர்மோஸ்டாட் திறக்காம மாட்டிக்கிட்டிருக்கும், வேற ஒண்ணும் இல்லை" என்றான். கழற்றி, ஓல்கா பெரோகி அவிக்கிற பானையில் போட்டுக் கொதிக்கவைத்தோம். சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை போலத் திறந்தது. ஓல்கா மட்டும், "இனிமே அந்தப் பானையில வேகுறதை நீங்க ரெண்டு பேருமே தின்னுக்குங்க" என்றாள். பிரித்ததுதான் பிரித்தோம் என்று புது தெர்மோஸ்டாட் போட்டோம், ரேடியேட்டர் மூடியும் புதிது, உறையாமல் இருக்க ஊற்றுகிற பச்சைத் தண்ணீரும் புதிது. அதே கொதி. பட்டறைக்காரர் குட்மன்சன் ஊரைச் சுற்றிப் போகும் சாலையில் ஓட்டிவிட்டு வந்து, "வண்டி தங்கம்பா" என்றார். "நிறுத்திப் பாருங்க, கொதிக்கும்" என்றேன். "அப்ப நிறுத்தாதே" என்றார். முப்பது வருட அனுபவம் அவருக்கு.

எனக்கு ஏன் இவ்வளவு தவிப்பு என்றால், டார்லீனுக்குக் கால்கரியில் பள்ளிக்கூட வேலை கிடைத்திருக்கிறது. வேலை கிடைத்தால் வண்டி உனக்கு என்று நான்தான் எப்போதோ வாயை விட்டிருந்தேன். 24ஆம் தேதி தனியாக ஓட்டிக்கொண்டு கிளம்புவதாக இருந்தாள், ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டர். நானும் வரட்டுமா என்று கேட்டதற்கு, "அப்பா, எனக்கு இருபத்தி நாலு வயசு. நான் போய்க்குவேன்" என்று ஒரே வெட்டு. இந்தக் கொதிப்பைப் பார்த்த பிறகுதான் இறங்கி வந்தாள். "சரி, நீங்களும் வாங்க, நடுவுல நின்னா தண்ணி ஊத்த ஆள் வேணும். திரும்பி பஸ்ல வந்துடுங்க. ரேடியோ என் இஷ்டம். ஹீட்டரைத் தொட்டீங்கன்னா அங்கேயே இறக்கி விட்டுடுவேன்." என் பக்கத்தில் அவள் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்து ஆறு வருடம் இருக்கும் மச்சான். இப்போது இரண்டு முழுப் பகல். ஆனாலும் நான் திரும்பி வந்தபின் அந்த ஊர் நெரிசலில் அவள்தானே தனியாக நிற்கப்போகிறாள். அதனால் எது கெட்டிருக்கிறது, எதை மாற்றலாம் என்று தயவுசெய்து எழுதவும். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

வேண்டும்போது மழையும் அறுக்கும்போது வெயிலுமாக உங்கள் வயலுக்கு எல்லாம் கூடி வரட்டும்.

இப்படிக்கு,
குழம்பிப்போன மைத்துனன்
வால்டர் ப்ரோகப்சுக்

பி.கு.: மேலே எழுதியதை மறந்துவிடவும். தபால் பெட்டிக்குப் போகுமுன் வண்டியின் மூக்கில் அப்பியிருந்த பூச்சிகளைக் குழாய் போட்டுக் கழுவினேன். கம்பிகளுக்குப் பின்னால் ஏதோ ஊறி உப்பிக்கொண்டு வந்தது. ஜனவரிக் குளிரில், நாம் எல்லோரும் செய்கிறபடி, இஞ்சின் சீக்கிரம் சூடாகட்டும் என்று ரேடியேட்டருக்கு முன்னால், அதில் பாதியை மறைத்து, நான் சொருகிய அட்டை. மார்ச்சிலேயே எடுத்திருக்க வேண்டும். மற்றவர்கள் சொருகுவது வாழைப்பழப் பெட்டி அட்டை, பார்த்தாலே தெரியும்; நான் அழகுக்காகக் கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தேன், அதனால் யார் கண்ணிலும் படவில்லை, என் கண்ணிலும். ஓடும்போது திறந்திருந்த பாதியில் காற்று புகுந்து சமாளித்திருக்கிறது. நின்றால் பாவம் விசிறி அட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது. உருவிப் போட்டுவிட்டு, அதே போர்ட்டேஜ் தெருவில், அதே ஐந்து மணிக்கு, சட்டையோடு இருபது நிமிடம் ஊர்ந்து பார்த்தேன். முள் அசையவில்லை.

வீட்டுக்கு வந்தால் டார்லீன் வாசலில் இரண்டு கேன்களில் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தாள். "வழிக்கு ரெண்டு போதுமாப்பா?" என்று கேட்டாள். "எதுக்கும் மூணா வெச்சுக்கம்மா" என்றேன். அட்டையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.