மாப்பிள்ளையை விசாரிக்கப் போனேன், என்னை விசாரிச்சு அனுப்பிட்டாங்க

ஞாயித்துக்கிழமை காலைல எனக்கு ஒரே ஒரு வேலைதான். ஸ்ரீரங்கம் போகணும், ஒரு மாப்பிள்ளையைப் பத்தி விசாரிக்கணும், மத்தியானச் சாப்பாட்டுக்கு திருச்சி கே.கே. நகர் வீட்டுக்கு வந்துடணும்.

தங்கச்சி கவிதாவுக்கு வரன் வந்திருந்துச்சு. பையன் பேரு செந்தில். தனியார் கம்பெனில கணக்கு வேலை. ஜாதகம் பொருந்திடுச்சு. வந்த போட்டோவையெல்லாம் உதட்டைப் பிதுக்கித் திருப்பிக் கொடுத்துட்டு இருந்த கவிதா, இந்தப் போட்டோவை மட்டும் திருப்பிக் கொடுக்கவே இல்லை.

ஆனா நம்ம பக்கம் ஒரு வழக்கம் இருக்கே! அவங்க பொண்ணு பார்க்க வர்றதுக்கு முன்னாடி, நம்ம ஆள் ஒருத்தர் அவங்க தெருவுக்குப் போய் நைசா விசாரிக்கணும். எல்லாரும் செய்யறதுதான். எல்லாரும் செய்வாங்கன்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா மாட்டிக்கக் கூடாது. மாட்டிக்கிட்டா, "எங்களை உளவு பார்த்தீங்களா?"ன்னு இடமே கையை விட்டுப் போயிடும்.

கிளம்பும்போது அம்மா காதுல சொன்னாங்க. "பையன் குடிப்பானான்னு கேளு. அப்புறம் போட்டோல முடி ரொம்ப அடர்த்தியா இருக்கு. சொந்த முடியான்னும் பாரு."

கவிதா கேட் வரைக்கும் வந்தா. "அண்ணே, எனக்குப் பிடிச்சிருக்கு. உன் மூளையைக் காட்டி இதைக் கெடுத்துடாத."

"நானா? கெடுக்கறதா?"ன்னு சிரிச்சுக்கிட்டே போனேன். அந்தச் சிரிப்பை நினைச்சா இப்ப எனக்கே அறையணும் போல இருக்கு.

ஒண்ணாம் நம்பர் பஸ்ஸைப் பிடிச்சு ஸ்ரீரங்கத்துல இறங்கினேன். அம்மா மண்டபம் ரோட்டை ஒட்டின சந்து. முனையில டீக்கடை. வாடகைக்கு வீடு தேடற மாதிரி வேஷம்.

"இங்க வீடு ஏதாவது காலியா இருக்குங்களா?"

டீ மாஸ்டர் ஆத்திக்கிட்டே ஆரம்பிச்சாரு. "எத்தனை பேரு? சொந்த ஊர் எது? எங்க வேலை? சைவமா? இப்ப இருக்கற வீட்டை ஏன் காலி பண்றீங்க?"

எல்லாத்துக்கும் பதில் சொல்லி முடிக்கறதுக்குள்ள டீ ஆறிடுச்சு. என்னைப் பத்தி அவருக்கு எல்லாம் தெரிஞ்சு போச்சு. செந்திலைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியலை.

அடுத்து இஸ்திரி வண்டிக்காரர்.

"செந்தில் தம்பியா? தங்கமான பையன்ங்க."

எனக்கு மனசு குளிர்ந்துச்சு. அதோட திரும்பியிருந்தா நான் மனுஷன். "கெட்ட பழக்கம் எதுவும் இல்லையே?"ன்னு கேட்டேன்.

அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வெச்சாரு. "சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் ஒரு பையைத் தூக்கிட்டுப் போவாரு. வரும்போது கண்ணு ரெண்டும் செவந்து கெடக்கும். தலையெல்லாம் கலைஞ்சு போயிருக்கும்."

"குடிப்பாரா?"

"அய்யய்யோ! நான் அப்படிச் சொல்லலீங்க!"

நம்ம ஊர்ல 'நான் சொல்லலீங்க'ன்னா என்ன அர்த்தம்னு உங்களுக்கே தெரியும்.

திரும்பற பஸ்ல ஜன்னல் சீட். மனுஷங்ககிட்ட கேட்டாத்தானே மாட்டிக்குவோம், போன்ல கேட்டா யாருக்குத் தெரியப் போகுதுன்னு எனக்கு ஒரு யோசனை. என்னா மூளை!

தேடினேன். 'குடிப்பவரைக் கண்டுபிடிப்பது எப்படி.' 'சனிக்கிழமை மட்டும் குடித்தால் குடிகாரரா.' 'கல்யாணம் ஆனால் குடியை நிறுத்துவார்களா.' அம்மா சொன்னது ஞாபகம் வந்து, 'விக் என்று தெரிந்துகொள்வது எப்படி.' ஆர்வக்கோளாறுல, 'காற்றில் விக் பறக்குமா.'

நடுநடுவுல போன் ஏதேதோ கேட்டுச்சு. நீ இருக்கற இடத்தைத் தெரிஞ்சுக்கலாமா, உன் போன்ல இருக்கற நம்பரையெல்லாம் பார்க்கலாமான்னு. டீ மாஸ்டருக்கே எல்லாம் சொன்னவன், இதுக்கா யோசிப்பேன்? சரி, சரி, சரின்னு அழுத்தினேன்.

காவிரிப் பாலத்துல பஸ் ஊர்ந்துட்டு இருக்கும்போது ஒரு வினாடி வினா வந்துச்சு. 'உங்களுக்கு வேண்டியவர் குடிக்கு அடிமையா? இலவசமாகத் தெரிந்துகொள்ளுங்கள்.' பேரு, ஊரு, போன் நம்பர், கல்யாணம் ஆயிடுச்சான்னு கேட்டுச்சு. தங்கச்சி வாழ்க்கையாச்சே! ஒண்ணு விடாம உண்மையா நிரப்பினேன். எல்லாம் என் விவரம்.

முடிவு வந்துச்சு. 'நண்பரே, உங்கள் பிரச்சினையை ஒப்புக்கொண்டதற்குப் பாராட்டுகள்!'

அன்னிக்கே ஆரம்பிச்சுது. போனைத் திறந்தா குடி மறுவாழ்வு மையம். தள்ளினா விக். இன்னும் தள்ளினா, குடியை நிறுத்தற லேகியம். இது என்ன கருமம்னு ஒவ்வொண்ணுலயும் ஒரு நிமிஷம் நின்னு முறைச்சேன். முறைக்கறதுக்காக நின்னேன்னு அதுக்குத் தெரியுமா? இவனுக்கு ரொம்பப் பிடிச்சிருக்குன்னு இன்னும் அள்ளிப் போட்டுச்சு.

அம்மாகிட்ட இஸ்திரிக்காரர் சொன்னதைச் சொன்னேன். "வரட்டும், நேர்லயே பார்த்துக்கலாம்"னுட்டாங்க.

அடுத்த ஞாயிறு வந்தாங்க. செந்தில், அவரோட அம்மா, மண்ணச்சநல்லூர்ல ரைஸ் மில் வெச்சிருக்கற பெரியப்பா. பெரியப்பா செருப்பைக் கழட்டறதுக்கு முன்னாடியே, "தம்பி, வைஃபை பாஸ்வேர்டு என்ன?"ன்னு கேட்டு வாங்கி எல்லார் போன்லயும் போட்டுக்கிட்டாரு.

கேசரி வந்துச்சு, பஜ்ஜி வந்துச்சு, கவிதா வந்தா. செந்திலும் அவளும் ஒரு தடவை பார்த்துக்கிட்டாங்க. அவ்வளவுதான், முடிஞ்சுது. எனக்கே வெக்கமா போச்சு.

செந்திலோட அம்மா ஆசையா கேட்டாங்க. "பொண்ணு நல்லா கோலம் போடுமாமே? வீடியோ இருக்கா தம்பி?"

இருக்கே! கவிதா போட்ட மார்கழிக் கோலத்தை நான்தானே வீடியோ எடுத்து நெட்ல போட்டிருந்தேன். "சின்னப் போன்ல எதுக்குங்க, டிவிலயே பாருங்க"ன்னு போனை டிவியோட சேர்த்தேன். யாரும் கேட்கலை. நானேதான்.

கோலம் வந்துச்சு. முதல் புள்ளி, ரெண்டாவது புள்ளி. எல்லாரும் குனிஞ்சு பார்க்கறாங்க.

பட்டுன்னு கோலம் போச்சு. டிவி முழுக்க ஒரு மீசைக்காரர்.

"வணக்கம் நண்பா! இன்னிக்காவது நிறுத்தணும்னு தோணுதா? மனைவி கண்ணீரைத் துடைப்போம் வா!"

ரிமோட்டைத் தேடறேன், காணோம். போன்ல தள்ளினேன். விக் வந்துச்சு. 'இனி தலை குனிய வேண்டாம்!' மறுபடி தள்ளினேன். லேகியம்.

எல்லார் கையிலயும் பஜ்ஜி பாதியிலயே நின்னுச்சு.

பெரியப்பாதான் முதல்ல பேசினாரு. "இதெல்லாம் சும்மா வராதுங்க. நான் ஒரு தடவை முட்டி வலின்னு தேடினேன். அதுலேர்ந்து எதைத் திறந்தாலும் முட்டியாவே வருது. யாரோ தேடியிருக்கணும்."

சொல்லிட்டு என்னைப் பார்த்தாரு. அப்புறம் என் வழுக்கையைப் பார்த்தாரு.

மக்களே, என் நிலைமையைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. "உங்க பையனைப் பத்தித்தான் தேடினேன்"னு உண்மையைச் சொன்னா இடம் போச்சு. சொல்லலைன்னா மானம் போச்சு. கவிதா கதவோரமா நின்னு என்னையே பார்க்கறா. அவ கண்ணு கலங்க ஆரம்பிச்சிருச்சு.

அம்மாவைப் பார்த்தேன். என்னை அனுப்பினதே அவங்கதானே, ஏதாவது சொல்லிக் காப்பாத்துவாங்கன்னு.

அம்மா பெருமூச்சு விட்டாங்க. "இப்ப முன்னைக்குக் கொஞ்சம் பரவாயில்லைங்க."

பெத்த அம்மா!

செந்திலோட அம்மா எழுந்து போய் என் மனைவி சுமதி கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. "எப்படிம்மா சமாளிக்கிற?"

நான் கல்யாண வீட்டுப் பந்தியில ரசத்தையே ரெண்டாம் தடவை கேட்கத் தயங்கறவன். அது சுமதிக்கு நல்லா தெரியும். கேசரித் தட்டை வெச்சுட்டு, தலையைக் குனிஞ்சு, "பழகிடுச்சுங்க"ன்னா.

வேற வழி? நானும் தலையைக் குனிஞ்சேன். "நிறுத்திடலாம்னுதான் பார்த்துட்டு இருக்கேன்."

பேச்சை மாத்தணுமே! அம்மா செந்தில்கிட்ட கேட்டாங்க. "சனிக்கிழமையெல்லாம் லீவா தம்பி?"

"அரை நாள்தாங்க. சாயங்காலம் நீச்சல் கத்துக்கப் போறேன். குளோரின் தண்ணி, கண்ணு ரெண்டும் செவந்துடும்"னு சொல்லி, தலையைக் கோதிவிட்டாரு. ஃபேன் காத்துல முடி ஒவ்வொண்ணா பறந்துச்சு. அத்தனையும் சொந்த முடி.

அன்னிக்குத்தான் வாழ்க்கையிலயே முதல்தடவையா எனக்குக் குடிக்கலாம்னு தோணுச்சு.

"வீட்டுல கலந்துக்கிட்டுச் சொல்றோம்"னு கிளம்பிட்டாங்க. அவங்க ஆட்டோ திரும்பினதும் கவிதா பிடிச்சா பாருங்க!

"நீ என்ன தேடின, எந்தத் தெருவுல நின்ன, எந்த விளம்பரத்துல விரலை நிறுத்தின, அத்தனையும் சேர்த்து வெச்சு, இவன் இன்ன மாதிரி ஆளுன்னு விளம்பரக்காரனுக்குக் காட்டறதுதான் இந்த ஆப் கம்பெனிக்காரங்க பொழப்பு. இல்லைன்னா உனக்கு எதுக்குண்ணே ஓசில தரப்போறான்?"

"நான் மாப்பிள்ளையைப் பத்தித்தானே தேடினேன்?"

"யாரைப் பத்தித் தேடினன்னு அதுக்கு என்ன தெரியும்? யாரு தேடினதுன்னு தெரியும். அது போதும் அதுக்கு!"

இஸ்திரிக்காரர்கூட 'நான் சொல்லலீங்க'ன்னு ஒரு மரியாதை வெச்சாரு. போனுக்கு அதுகூட இல்லை.

அப்புறம் அவ என்கூடப் பேசவே இல்லை. ஸ்ரீரங்கத்திலிருந்தும் ஒரு தகவலும் இல்லை. வீட்டுல யாரும் சரியா சாப்பிடலை. ராத்திரி அவ ரூம்ல லைட் எரிஞ்சுட்டே இருக்கும். தங்கச்சி ஆசைப்பட்ட ஒரே விஷயத்தை, உட்கார்ந்த இடத்துல விரலாலயே கெடுத்துட்டேனேன்னு இருந்துச்சு.

ஒருநாள் காலைல போனைத் திறந்தா, லேகியத்துக்கு நடுவுல புதுசா ஒண்ணு. 'திருச்சியில் கல்யாண மண்டபம் தேடுகிறீர்களா?' தள்ளினேன். முகூர்த்தப் பட்டு. தள்ளினேன். நிச்சயதார்த்தத் தட்டு.

"கவிதா! சம்மதம்!"னு கத்திக்கிட்டே ஓடினேன்.

"போண்ணே. இதையும் நீயே தேடியிருப்ப."

"சமயபுரத்தா மேல சத்தியமா இல்லை!"

அவ என் போனை வாங்கிப் பார்த்தா. கொஞ்சம் யோசிச்சா. "அன்னிக்கு அவங்க எல்லாரும் நம்ம வைஃபைதானே போட்டாங்க? அவங்க தேடறது உனக்கு வருதோ என்னமோ..."ன்னு இழுத்தா. முகம் மெதுவா மலர்ந்துச்சு.

சாயங்காலம் செந்திலோட அம்மா கூப்பிட்டாங்க. "எங்களுக்குப் பூரண சம்மதம்ங்க. குறையை மறைக்காம ஒத்துக்கற குடும்பம் எங்க கிடைக்கும்? ஒரே ஒரு விஷயம்தான். நிச்சயத்துக்கு முன்னாடி உங்க பையன் சமயபுரம் கோயிலுக்கு வந்து, இனிமே தொடமாட்டேன்னு கையில கயிறு கட்டிக்கணும்."

அம்மா என்னைக் கேட்கவே இல்லை. "தாராளமா"ன்னுட்டாங்க.

கட்டிக்கிட்டேன். பெரியப்பா பக்கத்துல நின்னு, "விட்டுடாத தம்பி, உறுதியா இரு"ன்னு முதுகைத் தட்டிக் கொடுத்தாரு. கவிதா தூணுக்குப் பின்னாடி நின்னு சிரிக்கறா. அந்தச் சிரிப்புக்காக இன்னொரு கயிறும் கட்டிக்கலாம்.

இப்போ நான் குடியை நிறுத்திட்டேன்னு ஸ்ரீரங்கம் மொத்தமும் நம்புது. என் போன் மட்டும் இன்னும் நம்ப மாட்டேங்குது.