ரெஜி அடைத்த பல்

அன்புத் தம்பி அய்யாத்துரைக்கு,

ராயபுரத்திலிருந்து அக்கா ஞானபாக்கியம் எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே எல்லாரும் சுகம், என் இடதுபக்கக் கடவாய்ப் பல் நீங்கலாக. திருவொற்றியூரில் நீயும் உன் வீட்டாரும் சுகமென்று நம்புகிறேன். போனில் சொன்னால் "சரிக்கா, சரிக்கா" என்றே என் கோபத்தைக் கரைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

உன் மகள் ரெஜி பல் டாக்டரான புதிதில், முதல் ஆளாக வாயைத் திறந்து உட்கார்ந்தவள் நான். சொத்தையைச் சுரண்டி, பல் நிறத்திலேயே ஏதோ மாவை வைத்து, நீல வெளிச்சம் அடித்து இறுக்கினாள். "வெள்ளி வை" என்றேன். "இது பல்லோட ஒட்டிக்கும் அத்தை. நல்லா பாத்துக்கிட்டா பத்து வருஷம் தாண்டியும் நிக்கும். ஆனா மெல்லுற பாரமெல்லாம் பின்பல்லுலதான். ஓரத்துல மறுபடி சொத்தை வரலாம், வருஷா வருஷம் வந்து காட்டுங்க" என்றாள். தம்பி மகளிடம் வருஷா வருஷம் போய் வாயைப் பிளந்து நிற்க எனக்கென்ன தலையெழுத்தா? நான் போகவில்லை.

ஆறு வருஷம் ஆயிற்று. நேற்று ஆராதனை முடிந்து சபைப் பெண்களுக்கெல்லாம் என் வீட்டில் சாப்பாடு. நண்டுக் குழம்பு. "என் மகன் எபினேசருக்குப் பார்த்திருக்கிற பெண் அடைத்த பல், எது அடைத்தது எது சொந்தம் என்று கண்டுபிடியுங்கள் பார்ப்போம்" என்று அத்தனை பேர் முன்னாலும் வாயைத் திறந்து காட்டிவிட்டு, ஒரு கடி கடித்தேன். கடக்! ஈறு சுரீர் என்றது, வெள்ளையாக ஒரு துண்டு கையில் வந்து விழுந்தது. என் மானம் கப்பலேறிவிட்டது. பாஸ்டரம்மா சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடித்து, அது புரையேறி, அவர் தலையை நான் தட்ட வேண்டியதாயிற்று.

அதோடு விட்டதா? இன்று காலை மீன்கார முத்தம்மாவிடம் சொன்னால், கூடையை இறக்கிவைத்து நடுத்தெருவில் வாயை ஆவென்று திறக்கிறாள். "தோ பாருக்கா, எங்கம்மா உசுரோட இருக்கச்சொல்ல வெச்ச வெள்ளி. கல்லாட்டம் கீது. உனுக்கு இன்னாத்த வெச்சிச்சு அந்தப் பொண்ணு, சாக்பீஸா?" என்கிறாள். சொந்த அத்தை பல்லையே பத்து வருஷம் நிறுத்தத் தெரியாதவள், என் மகனோடு ஐம்பது வருஷம் எப்படிக் குடித்தனம் நடத்துவாள்? "எம்மா, பல்லுக்கும் கல்யாணத்துக்கும் என்னம்மா சம்மந்தம்?" என்று எபினேசர் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்து போகிறான். வரும் வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தத்தை நிறுத்திவிடு. தபாலில் போட்டால் அதற்குள் வந்து சேராது, அவன் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். சாட்சிக்கு அந்தத் துண்டும் தீப்பெட்டியில் இருக்கிறது. உன் மகளையே பார்த்துச் சொல்லச் சொல்.

கோபம் உன்மேல் இல்லை. உன்னையும் உன் வீட்டையும் கர்த்தர் ஒரு குறையுமில்லாமல் காப்பாராக.

உன் அக்கா,
ஞானபாக்கியம்

பின்குறிப்பு: தீப்பெட்டியை நூலால் கட்டுமுன் எபினேசர் வாங்கித் திறந்து பார்த்தான். "எம்மா, இது நண்டு ஓடும்மா" என்றான். செல்போன் வெளிச்சத்தில் என் வாயையும் பார்த்தான். ரெஜி வைத்தது வைத்தபடியே இருக்கிறதாம். மிச்ச ஓடுதான் ஈறில் குத்திக்கொண்டு நிற்கிறதாம். இவ்வளவு எழுதியதைக் கிழிக்க மனம் வரவில்லை. நிச்சயத்தை நிறுத்தாதே, முடிந்தால் வியாழக்கிழமையே வைத்துக்கொள். ரெஜியை இடுக்கியோடு வரச் சொல். வேறு யார் கையையும் நான் என் வாயில் விடமாட்டேன்.