கடற்காற்று நகரில் கடல் தெரிந்த கதை

கடற்காற்று நகர்,
மாப்பிள்ளையூரணி வழி, தூத்துக்குடி.
பிப்ரவரி 3

பெருமதிப்பிற்குரிய மச்சான் விக்டர் அவர்களுக்கு,

எபனேசர் எழுதிக்கொண்டது. இம்மட்டும் நம்மைக் காத்துவந்த ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். எங்களைக் காத்ததோடு எங்கள் தெருக் கொசுக்களையும் ஒன்றுகூடக் குறையாமல் அவர் காத்துவருகிறார். நாசரேத்தில் நீங்களும் ஜாஸ்லின் அக்காவும் சுகமாக இருப்பீர்கள். இல்லாமல் என்ன? அடுத்தவன் எங்கே வீடு கட்டவேண்டும் என்று யோசனை சொல்பவர்கள் எல்லோரும் சுகமாகத்தான் இருக்கிறார்கள்.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீங்கள் மூன்று யோசனை சொல்லிவிடுகிறீர்கள். கடிதத்துக்குள் உங்களால் குறுக்கே பேசமுடியாது. ஆகவே பொறுமையாகக் கடைசிவரை வாசிக்கவும். விஷயம் இதுதான்: நானும் உங்கள் தங்கை கிருபையும் இந்த வீட்டைப் பூட்டிவிட்டு அடுத்த வாரம் நாசரேத்துக்கே வந்துவிடுகிறோம். உங்கள் மாடி அறையை ஒழித்துவைக்கவும். காரணத்தைக் கீழே எழுதுகிறேன். அதில் உங்களுக்கும் பங்கு உண்டு.

‘கடல் காற்று பட்டால் ஆயுசு கூடும்’ என்று நீங்கள் சொன்னதை நம்பி, துறைமுக அலுவலகத்தில் முப்பத்துநாலு வருஷம் கப்பல் வந்ததையும் போனதையும் எழுதிவைத்த நான், ஓய்வுபெற்ற கையோடு உப்பளத்து ஓரம் இந்த நகரில் வீடு கட்டினேன். கடலும் உண்டு, காற்றும் உண்டு. நடுவில் ஒரு ஓடை. ஓடையின் எங்கள் பக்கத்துக் கரையில் சேற்றுக்குள் வேர்விட்டு நின்ற அலையாத்தி மரங்கள், அவற்றுக்கு இப்பால் மேட்டில் சீமைக்கருவேல முள். மாடியில் ஏறினால் பச்சைதான் தெரியும். கடற்காற்று நகரில் கடல் தெரியாதது பெயருக்கே அவமானம் என்று எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கு ஒரே கவலை. சங்கத் தலைவர் மகாராஜன், பஜாரில் பெயின்ட் கடை வைத்திருப்பவர். எந்தச் சுவருக்கு எந்தப் பூச்சு என்று தெரிந்தவருக்கு உலகத்தில் மற்றதெல்லாம் தானாகவே தெரிந்துவிடும் என்பது அவர் நம்பிக்கை.

போன வருஷம் ஜனவரியில் முள் எடுக்க ஜேசிபி வந்தது. முள்ளை எடுத்ததில் குற்றமில்லை, அது எங்கிருந்தோ வந்து ஊரையே வளைத்துக்கொண்ட சனியன். முள் முடிந்து அலையாத்திப் பக்கம் வந்ததும் ஜேசிபி ஓட்டுநர் வண்டியை நிறுத்திக் கேட்டார். “அண்ணாச்சி, இது முள்ளு இல்லியே, எல மரமால்லா இருக்கு. எடுக்கவா, வேண்டாமா?” கரையில் நின்ற சங்கத்தார் பக்கமிருந்து “பச்சையா நிக்கத எல்லாம் எடும்வே” என்று பதில் போனது. அந்தச் சமயத்தில்தான் பேச்சிச்செல்வி தலையில் கூடையோடு ஓடிவந்தாள். அந்த மரங்களின் அடியில் கைவிட்டு நண்டு பிடித்து வீடு வீடாக விற்கிறவள், கிருபைக்கு வாடிக்கையாகக் கொடுப்பவள்.

“ஏ அண்ணாச்சி, நிறுத்துங்க! அங்கனதான நான் நண்டு புடிக்கேன். வேரப் புடுங்கிட்டா அது எங்கன போயி குடியிருக்கும்?”

மகாராஜன் அவளைப் பார்த்து, “ஒனக்கு இதுல பட்டா இருக்கா?” என்றார்.

“நண்டுக்கு எவன் பட்டா குடுத்தான்?” என்றாள் அவள்.

பதில் சொல்லத் தெரியாதபோது பெரிய மனிதர்கள் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள். மகாராஜனும் பார்த்தார். இரண்டே நாளில் கரை மொட்டையானது. நாங்கள் எல்லோரும் மாடிக்கு ஏறினோம். கடல் தெரிந்தது. சாம்பல் நிறத்தில் ஒரு கோடு, கோட்டுக்கு மேல் இரண்டு கிரேன், ஒரு கப்பலின் பின்பக்கம். இதையேதான் நான் முப்பத்துநாலு வருஷம் ஆபீஸ் ஜன்னலில் பார்த்துச் சலித்திருந்தேன். அதற்கு ஒரு கேக் வேறு வெட்டினார்கள்.

கேக் செரிப்பதற்குள் பறவைகள் வந்தன. கொக்கு, வக்கா, நீர்க்காகம் எல்லாம் அந்த அலையாத்தியில்தான் இத்தனை காலமும் கூடு கட்டிக் குடித்தனம் நடத்தியிருக்கின்றன. வீட்டை இடித்தால் வாடகைக்கு இடம் தேடாமல் என்ன செய்யும்? எங்கள் தெருவில் உயரமான மரம் என்றால் என் வீட்டு வாசல் வாகைதான். நூற்று நாற்பது எண்ணினேன், அதற்குமேல் அண்ணாந்து பார்க்கத் துணிவில்லை. தரை, கார், துவைத்துப் போட்ட வேட்டி என்று எல்லாம் ஒரே வெள்ளை. குஞ்சுக்கு ஊட்ட அவை கொண்டுவரும் மீனில் பாதி கீழே விழும். ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்கு நான் வெள்ளைச் சட்டையோடு கிளம்ப, தோளில் அரை மடவை மீன் விழுந்தது. கிருபை அதைச் சாவகாசமாக எடுத்துப் பார்த்துவிட்டு, “நல்ல பதமான மீனுதான், கொஞ்சம் முந்தி விழுந்திருந்தா கொழம்பு வச்சிருக்கலாம்” என்றாள். விழுந்த மீனுக்கு நாய்கள் வந்தன, நாய்கள் பூனைகளை விரட்டின, பூனைகள் எங்கள் சமையல்கட்டுக்குக் குடிவந்தன.

மகாராஜன் அவசரக் கூட்டம் போட்டார். சுவரில் படம் காட்டி, சிவப்பு ஒளி அடிக்கும் குச்சியால் ஒரு கொக்கைச் சுட்டிக்காட்டி, “சார், நேச்சரை நாமதான் மேனேஜ் பண்ணணும்” என்றார். முதலில் வெடி போட்டார். கொக்குகள் எழும்பி ஒரு வட்டம் அடித்துவிட்டு மறுபடி உட்கார்ந்தன. தெருவில் இருந்த இரத்த அழுத்தக்காரர்கள்தான் படுத்தார்கள். பிறகு மரத்துக்கு மரம் நைலான் வலை போட்டார். ஏப்ரலில் பறவைகள் போய்விட்டன. கூடவே நிம்மதியும் வந்துவிட்டது என்றுதான் நினைத்தோம். வலையில் சிக்கிச் செத்த இரண்டு வக்காவைக் கழற்றிப் புதைத்தது மட்டும் நான். தலைவர் கடையில் பிசி.

அக்டோபரில் மழை வந்தது. மரத்தை வேரோடு பிடுங்கிய இடமெல்லாம் குழி, குழியெல்லாம் தண்ணீர். பிடித்துவைக்க வேர் இல்லாததால் கரைச் சேறு சரிந்து ஓடையின் வாயை அடைத்தது. கடல் தண்ணீர் வந்து போவதும் நின்றது. அப்புறம் வந்தது பாருங்கள், கொசு. சாயங்காலம் பேப்பர் வாசிக்க உட்கார்ந்தால் ஒரு பக்கம் திருப்புவதற்குள் பத்து அடிக்கவேண்டும். அந்த ஆத்திரத்தில் உங்களுக்குப் போன் செய்தேன். முப்பது வருஷம் ஒன்பதாம் வகுப்புக்கு உயிரியல் நடத்தியவர் அல்லவா! புல்லை வெட்டுக்கிளி தின்னும், வெட்டுக்கிளியைத் தவளை தின்னும் என்று கரும்பலகையில் அம்புக்குறி போட்டவர் அல்லவா! நீங்கள் ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. “மீன் விடுங்க மச்சான். ஜிலேபிக் கெண்டை. எந்தத் தண்ணியிலயும் கெடக்கும், கொசுப்புழுவை வழிச்சுத் தின்னுரும். இதுதான் இயற்கை முறை” என்றீர்கள். அதை மகாராஜனிடம் சொன்ன பாவத்தை நான் செய்தேன்.

கொற்கைப் பக்கத்துக் குளத்திலிருந்து மீன் வந்தது. பாண்டியர் காலத்தில் முத்து ஏற்றி அனுப்பிய துறைமுகம் கொற்கை. கடல் விலகிப்போய் இன்று வயலும் குளமுமாக இருக்கும் அந்த ஊரிலிருந்து எங்களுக்கு நீல டிரம்மில், சரக்கு ஆட்டோவில், ஜிலேபிக் கெண்டை. டிரம்முக்கு மாலை போட்டு, போட்டோ எடுத்து, மகாராஜன் தம் கையாலேயே ஓடையில் விட்டார்.

கொசுப்புழுவைத் தின்றதா? முதல் மூன்று நாள் தின்றது. நாலாம் நாள் அதைவிட ருசியானது கண்ணில் பட்டுவிட்டது. மடவைக் குஞ்சு, இறால் குஞ்சு, முட்டை எல்லாவற்றையும் தின்றது. அந்த ஓடையிலேயே பிறந்து, யாரும் மாலை போடாமலே கொசுப்புழுவைத் தின்றுகொண்டிருந்த விரல் நீளப் பொடிமீன்களை விரட்டியடித்தது. பெருகவும் பெருகியது. அதைவிடப் பெரிய கூத்து ஒன்று உண்டு மச்சான், உங்கள் கரும்பலகையில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்: மீன் இருந்தது ஓடையில், கொசு பிறந்தது குழியில். இரண்டும் ஒன்றையொன்று நேரில் பார்த்ததே இல்லை.

மரத்தடி நண்டு போய்விட்டதால் பேச்சிச்செல்வி வலை எடுத்துப் பார்த்தாள். வலை நிறைய உங்கள் கெண்டைதான். எங்கள் வாசலில் வந்து கூடையைக் கவிழ்த்தாள். “ஏ அம்மா, இத மோந்து பாருங்க. சேத்து நாத்தம். கடக்கரையில பொறந்தவ இதத் தின்னுவாளா? ஒருத்தரும் வாங்க மாட்டேங்காவ.” கிருபை உள்ளே போய் அவளுக்குக் காப்பி போட்டாள்.

டிசம்பர் இருபதாம் தேதி கிருபை படுத்தாள். கிறிஸ்துமஸ் கேக்குக்குப் பழம் ஊறவைத்தது ஊறியபடியே இருக்க, மத்தியானம் உச்சிவெயிலில் மூன்று போர்வை கேட்டாள். கட்டில் கால் தரையில் தாளம்போடும் அளவு நடுக்கம். மலேரியா என்றார் டாக்டர். ஆஸ்பத்திரியில் ஆறு நாள். மச்சான், கல்யாணமான முப்பத்தேழு வருஷத்தில் என்னை ஒரு வார்த்தை திட்டாமல் அவள் ஒரு நாளைக் கழித்ததில்லை. அந்த ஆறு நாளில் மூன்று நாள் அவள் என்னைத் திட்டவே இல்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, ‘ஏளா, ஏதாவது சொல்லேன், குறை சொல்லேன்’ என்று கேட்டேன். கண்ணைத் திறந்து பார்த்தாள், மூடிக்கொண்டாள்.

நான்காம் நாள் பேச்சிச்செல்வி கஞ்சித் தூக்கோடு வந்தாள். கிருபையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“மரத்தப் புடுங்குனிய, குழி கெடக்கு. குழியில தண்ணி கெடக்கு. தண்ணியில கொசு கெடக்கு. இதுக்கு எதுக்கு அண்ணாச்சி ஒரு சங்கம், ஒரு தலைவரு, ஒரு டிரம்மு? ஒரு மம்பட்டி போதாதா?”

வார்டே திரும்பிப் பார்த்தது. பக்கத்துக் கட்டில் நோயாளி சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டுத்தான் கிருபை கண்ணைத் திறந்து, “அவுகளுக்கு மம்பட்டி புடிக்கத் தெரியாது” என்றாள். அவள் பிழைத்துக்கொண்டாள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. வராந்தாவுக்குப் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தேன்.

இப்போது என்ன நிலைமை என்றால், மகாராஜன் இன்னும் அடங்கவில்லை. ஓடையில் கெண்டையைத் தின்ன விரால் விடலாமா, அல்லது கெண்டையைப் பிடிக்கக் கொக்கைத் திரும்ப வரவழைக்க மரத்தின் வலையை எடுக்கலாமா என்று வாட்ஸ்அப்பில் ஓட்டெடுப்பு வைத்திருக்கிறார். விரால் நல்ல தண்ணீர் மீன், உப்பு ஓடையில் செத்து மிதக்கும் என்று சொல்ல ஒருவர்கூட இல்லை. விராலுக்கு நாற்பத்தொரு ஓட்டு. உதவாக்கரை ஒருவன் இரண்டுக்குமே போட்டிருக்கிறான். பேச்சிச்செல்வி வேறு, ஓடையின் அக்கரையில் மிஞ்சி நிற்கும் அலையாத்தியிலிருந்து அவரைக்கொட்டை மாதிரி விழும் காய்களைப் பொறுக்கிவந்து எங்கள் கரைச் சேற்றில் ஊன்றிக்கொண்டிருக்கிறாள். பிடுங்கினவர்கள் படித்தவர்கள், நடுகிறவள் அவள். இந்தக் கேலிக்கூத்தை உட்கார்ந்து பார்க்க எனக்கு உடம்பில் தெம்பில்லை. ஒரு ஊரைக் கெடுத்த மகாராஜனையும், மீன் யோசனை சொன்ன தங்களையும் ஆண்டவர் மன்னிப்பாராக. நான் இன்னும் மன்னிக்கவில்லை. மாடி அறையை மறக்கவேண்டாம். ஜன்னலுக்கு வலை அடிக்கவும்.

ஜாஸ்லின் அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்லவும். கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் ஆசீர்வதித்து, உங்கள் நாவைக் கொஞ்ச காலத்துக்கு அடக்கிவைப்பாராக.

இப்படிக்கு,
மிகவும் கடிக்கப்பட்ட மைத்துனன்,
எபனேசர்

பின்குறிப்பு: அன்புள்ள அண்ணனுக்குக் கிருபை எழுதுவது. கவரை ஒட்டச் சொல்லி உங்கள் மச்சான் என்னிடம் கொடுத்தார்கள். ஒட்டுவதற்கு முன் வாசித்தேன். எனக்கு இப்போது நல்ல சுகம். மாடி அறையை ஒழிக்கவேண்டாம், நாங்கள் வரவில்லை. முள்ளை எடுத்துக் கடல் தெரியும்படி செய்யவேண்டும் என்று சங்கத்தில் முதன்முதல் மனு எழுதிக்கொடுத்தது இவர்கள்தான், அதுவும் மூன்று பக்கம். பச்சையா நிக்கத எல்லாம் எடும் என்று சொன்னதும் இவர்கள் குரல்தான், நான் மாடியில் நின்று கேட்டேன். பாவம் மகாராஜன் அண்ணாச்சி கையெழுத்து மட்டும் போட்டவர். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே இவர்கள் மம்பட்டி எடுத்துக் குழிகளை மூடப் போனார்கள். இப்போது தினமும் காலையில் பேச்சிச்செல்வியோடு சேற்றில் இறங்கிக் காய் ஊன்றுகிறார்கள். முதல் நாள் கரையில் குடையோடு நின்று வரிசை கோணல் என்று அதிகாரம் பண்ண, அவள், “ஒண்ணு எறங்குங்க, இல்ல வாய மூடுங்க அண்ணாச்சி” என்றாள். இறங்கி, தொடைவரை புதைந்துபோக, நாலு பேர் இழுத்துக் கரையேற்றினோம். இதையெல்லாம் உங்களுக்கு எழுத வெட்கம், அதனால் திட்டி எழுதியிருக்கிறார்கள். இன்று காலை போய்ப் பார்த்தால் ஊன்றிய முந்நூறில் நூறு முளையை ஏதோ கடித்துத் துண்டாக்கிப் போட்டிருந்தது. இவர்கள் தலையில் கைவைத்துக்கொண்டு சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். பேச்சிச்செல்வி ஒரு துண்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு முழங்கால் சேற்றில் நின்றபடி கைதட்டி ஒரு சத்தம் போட்டாள், தெருவரைக்கும் கேட்டது:

“அழாதிய அண்ணாச்சி! இது நண்டு கடிச்ச கடி. நண்டு வந்துட்டுல்லா!”