மீசை வைத்த அக்கா

"நாளைக்கு அக்காவை நேர்ல பாக்கணும். கூட்டிட்டு வாங்க" என்றார் முதலாளி.

ஆசிரியர் மீசையைத் தடவிக்கொண்டார். அவர்களுடைய வாரப் பத்திரிகையில் குடும்பப் பிரச்சினைகளுக்குப் பதில் சொல்லும் அந்த அக்கா, மீசையோடு முதலாளிக்கு எதிரிலேயே நின்றுகொண்டிருந்தார். குற்றச் செய்தி, விளையாட்டு, ராசிபலன், வெந்நீர்கூட வைக்கத் தெரியாமல் சமையல் குறிப்பு என்று எல்லாவற்றிலும் கைவைத்தவருக்கு, அக்காவாக மாறுவது ஒரு பெரிய வித்தையாகத் தெரியவில்லை.

"அவங்களுக்குக் காய்ச்சல் சார்."

"அடப்பாவமே. பழம் வாங்கிட்டு நானே வீட்டுக்குப் போய்ப் பாக்கறேன். விலாசம் குடுங்க."

"இல்ல சார், இப்போ விட்டுடுச்சாம். நாளைக்கு வந்துடுவாங்க."

சொல்லிவிட்டாரே தவிர, அக்காவுக்கு எங்கே போவது? வீட்டுக்குப் போய் மனைவியின் காலில் விழாத குறையாகக் கெஞ்சினார்.

"பத்து நிமிஷம் அக்காவா வந்து உக்காரு. கேக்கறதுக்கெல்லாம் தலையாட்டினா போதும்."

"சரி" என்றாள் அவள். ஒரு கேள்வி கேட்கவில்லை. பயத்தில் இருந்த மனிதருக்கு அது வரமாகத் தெரிந்தது.

மறுநாள் முதலாளி அறையில் அவள் தலையை ஆட்டவில்லை, வாயைத் திறந்தாள். மாமியார் சண்டையிலிருந்து, வாரக்கணக்கில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளும் கணவன்வரை ஒரு பிடி பிடித்தாள். முதலாளி சொக்கிப்போனார்.

"பத்திரிகை விக்கிறதே உங்களாலதாம்மா. திங்கட்கிழமைலேருந்து நீங்கதான் ஆசிரியர். சாருக்கு ஓய்வு குடுத்துடலாம்."

சார் குறுக்கே பாய்ந்தார். வாழ்நாளெல்லாம் உட்கார்ந்து தேய்த்த நாற்காலி போகிறதே! மானம் போனாலும் பரவாயில்லை என்று உண்மையைக் கக்கினார்.

"சார், இவ என் சம்சாரம். அக்கா நான்தான். எல்லாரையும் அனுசரிச்சுப் போங்கன்னு வாராவாரம் எழுதினது நான்தான்."

முதலாளி விழித்தார். "அக்கா ஒரு தடவைகூட யாரையும் அனுசரிச்சுப் போகச் சொன்னதில்லையே."

அச்சுக்குப் போகும் பக்கங்களோடு வாசலில் நின்றிருந்த தட்டச்சுப் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள்:

"மன்னிச்சுக்கங்க சார், நீங்க எழுதினதைப் படிச்சுட்டு முதல் வாரமே உங்க வீட்டம்மாவுக்குப் போன் பண்ணிட்டேன், அதுலேருந்து அவங்க சொல்றதைத்தான் அடிக்கிறேன், நீங்கதான் நம்ம பத்திரிகையைப் பிரிச்சே பாக்கறதில்லையே."