டவுன் பஸ்ஸில் ஒரு கருதுகோள்

"கட்டணமின்றிப் பயணம் செய்வதால் உங்கள் சுயமரியாதை பாதிக்கப்படுவதாக உணர்கிறீர்களா?"

பேரணாம்பட்டிலிருந்து ஆம்பூர் போகும் காலை டவுன் பஸ். ஷூ கம்பெனியில் தையல் வேலை பார்க்கும் சுந்தரி, ஒரு கையால் கம்பியையும் மறு கையால் டிபன் பையையும் பிடித்தபடி யோசித்தாள்.

"அப்டின்னா இன்னா சார்?"

"காசு குடுக்காம வர்றோமேன்னு கூச்சமா இருக்கா?"

"கூச்சமா? உக்கார சீட்டு கெடச்சா நல்லாருக்கும்."

நவநீதன் 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் அடித்தான். அது முப்பத்தொன்றாவது 'இல்லை'.

பெண்களுக்கான இலவசப் பயணத்தை அறவியல், சமூகநீதி நோக்கில் ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்குவது அவன் திட்டம். அதன் முடிவுரையை அவனுடைய வழிகாட்டி பேராசிரியர் வேலாயுதம் இரண்டு வருடம் முன்பே எழுதிவிட்டார்: இலவசம் சுயமரியாதையை அரிக்கிறது. ஆய்வு அந்த இடத்துக்கு வந்து சேர வேண்டியதுதான் பாக்கி. அடுத்த திங்கட்கிழமை ஆய்வுக் குழு கூடுகிறது. அதற்குள் சேராவிட்டால் பதிவே ரத்து. ஐந்து வருட உழைப்பு போச்சு.

கல்லூரி கொடுத்த காரில், கல்லூரி போட்ட பெட்ரோலில் வந்திறங்கிய பேராசிரியர், படிவங்களைப் புரட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கினார். மக்கள் பொய் சொல்லவில்லை, கேள்வியில்தான் ஆழமில்லை என்றார்.

செவ்வாய்க்கிழமை ஏழு கேள்விகள் இருபத்திரண்டாயின. ஜன்னலில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்த ஹலீமா பீயை எழுப்பி, நீதி என்பது எல்லோருக்கும் சமமாகக் கொடுப்பதா, தேவை அறிந்து கொடுப்பதா என்று கேட்டான்.

"எட்டரைக்குள்ள கம்பெனி கேட்டாண்ட கொண்டாந்து வுடறதுப்பா" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

பேராசிரியரிடம் அடுத்த வைத்தியம் இருந்தது. உழைக்கும் பெண்கள் மனம் திறக்க நேரமாகும், கூடவே இருக்க வேண்டும். புதன்கிழமை கேள்விகள் நாற்பத்தொன்று. நவநீதன் செல்போனில் பதிவு செய்தபடி ஒவ்வொரு சீட்டாக நகர்ந்தான். பதில் சொல்லி முடிக்காதவர்களுடன் இறங்கி, கம்பெனி கேட் வரை நடந்தான். 'சுரண்டலின் உள்வயப்படுத்தல்' என்ற சொற்றொடரை சுந்தரிக்கு விளக்கியதில் அவளுக்குப் பத்து நிமிடம் லேட். சூப்பர்வைசர் திட்டினதை அவள் வியாழக்கிழமை சொன்னபோது, அதையும் பதிவு செய்துகொண்டான்.

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் ஏறியவன் திகைத்தான். வழக்கமாகக் கால் வைக்க இடமில்லாத வண்டியில் பாதி சீட்டுகள் காலி.

அப்போதுதான் ஒரு பிரைவேட் பஸ் ஹாரன் அடித்தபடி முந்திப் போனது. உள்ளே, கசங்கிப் பிழியப்பட்டு, சுந்தரி. பின்னால் ஹலீமா பீ. படிக்கட்டு வரை அத்தனை பெண்கள். எல்லோரும் காசு கொடுத்து டிக்கெட் வாங்கியவர்கள்.

நவநீதனுக்குக் கண் கலங்கியது. இலவச பஸ் காலியாகப் போகிறது, இவர்கள் காசு கொடுத்து நின்றுகொண்டு வருகிறார்கள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

"சார், சுயமரியாதை கெடச்சிடுச்சி சார்" என்றான் போனில்.

பேராசிரியர், தான் முப்பது வருடமாகச் சொன்னதை நாடு இப்போதுதான் கேட்கிறது என்றார். ஒரே ஒரு பெண்ணின் வாக்குமூலம் கிடைத்தால் குழுவின் வாயை அடைத்துவிடலாம். இந்த அத்தியாயத்தைத் தன் பெயரையும் சேர்த்து வெளியிடலாம்.

சனிக்கிழமை காலை, புத்தம்புதுப் படிவமும் சார்ஜ் ஏற்றிய செல்போனுமாக நவநீதன் அந்த பிரைவேட் பஸ்ஸின் படியில் கால் வைத்தான். உள்ளே சுந்தரி அவனைப் பார்த்ததும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். சுயமரியாதை உள்ளவர்கள் விளம்பரத்தை விரும்ப மாட்டார்கள் என்று மனதுக்குள் குறித்துக்கொண்டான்.

கண்டக்டர் குறுக்கே கை நீட்டி, அவன் காதருகே குனிந்தார்.

"சார், உங்களக் கும்புட்டுக் கேக்கறேன், நீங்க டவுன் பஸ்லயே போங்க. நீங்க அதுல வர்றீங்கன்னுதான் இவங்கல்லாம் காசு குடுத்து இதுல வர்றாங்க."