ஆறு கிலோ ஆள்

சரியாகப் பதினாறு மணி நேரம் கழித்து அந்தத் தூண்டில் ரீல் கடைக்குத் திரும்பி வந்தது.

நேற்று மாலை ஆறு மணிக்குத்தான் மெக்கானிக் அதைத் துடைத்து, எண்ணெய் விட்டு, புது வாஷர் போட்டுக் கொடுத்திருந்தார். "இனிமே அஞ்சு வருஷத்துக்கு இந்தப் பக்கம் வரவே மாட்டீங்க" என்று வேறு சொல்லியிருந்தார். இன்று காலை பத்து மணிக்கு அதே துணிப்பை, அதே கட்டம் போட்ட சட்டை, அதே மனிதர்.

வந்ததுதான் வந்தார், செயலாளர் இல்லாத நேரமாகப் பார்த்து வந்திருக்கலாம். தூண்டில் சங்கத்தின் செயலாளர் கடைக்குள் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். சங்கத்தில் நாற்பது பேர். இனிமேல் நாற்பது பேரின் ரீலையும் ஒரே கடையில் பழுதுபார்க்கக் கொடுப்பது என்று முடிவு. இந்தக் கடையா, பாலத்துக்கு அந்தப் பக்கத்துக் கடையா என்பதைச் செயலாளர் சனிக்கிழமை சொல்ல வேண்டும். அந்த வேலை கிடைக்காவிட்டால் மெக்கானிக் கடையைச் சாத்திவிட்டு மச்சினனின் டைல்ஸ் கடையில் போய் உட்கார வேண்டியதுதான். மச்சினன் ஏற்கெனவே அவருக்காக ஒரு ஸ்டூல் வாங்கிப் போட்டுவிட்டான். அந்த ஸ்டூலை நினைத்தாலே மெக்கானிக்குக் காது சிவக்கும்.

"சார், இது நின்னுடுச்சு" என்றார் கட்டம் போட்ட சட்டைக்காரர்.

"என்ன நின்னுடுச்சு?"

"ரீலுதான். பாதி வரைக்கும் நல்லா போச்சு. அப்புறம் பிடிச்சுக்கிச்சு. கீழயும் போகல, மேலயும் வரல. அவன் அப்படியே அந்தரத்துல தொங்குறான். முக்கால் மணி நேரம்!"

மெக்கானிக் பல்லைக் கடித்தார். செயலாளரின் டீ கிளாஸ் உதட்டுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டது.

"எவ்வளவு எடை இருப்பான்?" என்றார் செயலாளர்.

"போன மாசம் ஆறு கிலோ. இப்ப இன்னும் கூடியிருப்பான்."

"போன மாசமா? அப்ப நேத்து?"

"நேத்தும் அவன்தான். தினமும் அவன்தான் சார். காலையில ஆறரைக்கு விடுவேன். பத்து நிமிஷத்துல தூக்கிடுவேன்."

செயலாளர் கிளாஸைக் கீழே வைத்தார். "எந்த..." என்று ஆரம்பித்துச் சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

தூண்டில்காரரிடம் எதையும் கேட்கலாம். என்ன இரை, என்ன கொக்கி, எத்தனை மணிக்கு எழுந்தீர்கள் என்று எதையும். எந்த இடம் என்று மட்டும் கேட்கக் கூடாது. கேட்டால் மரியாதை போய்விடும். மெக்கானிக் பெண் பார்க்கப் போனபோது, மாமனார் நல்ல மீன் பிடிப்பவர் என்று தெரிந்தும், அந்தக் கேள்வியை விழுங்கிக்கொண்டு திரும்பி வந்தவர்.

கட்டக்காரரே லேசாக நெளிந்தார். "வீட்டுப் பக்கம்தான். வெளியில தெரிஞ்சா பிரச்சினை ஆயிடும் சார்."

"நாங்க கேட்கவே இல்லையே" என்றார் செயலாளர், பெருந்தன்மையாக.

ரீலை வைத்துவிட்டு அவர் போனதும் செயலாளர் மூச்சு விட்டார். "நம்ம ஊர் ஏரியில இருபது வருஷமா உட்கார்ந்திருக்கேன். மூணரை கிலோவைத் தாண்டி நான் பார்த்ததில்ல. இவர் பிடிக்கிறாரு, விட்டுடுறாரு, மறுநாள் அதையே பிடிக்கிறாரு. பெரிய மனசுய்யா. அவரோட ரீலைப் போய் நிக்க வெச்சுட்டீங்களே!"

"பொய்" என்றார் மெக்கானிக்.

"பொய் சொல்ற மூஞ்சியா அது?" என்றாள் மனைவி. கடையின் முன்பக்கத்தில் கொக்கியும் தூண்டில் நரம்பும் விற்பது அவள்.

"மீன் பிடிக்கிறவனுக்கு வேற மூஞ்சி கிடையாது. நீ சும்மா இரு."

செயலாளர் போனதும் ரீலைத் திறந்தார். தப்பு அவருடையதுதான். நரம்பு எவ்வளவு இறுக்கமாக ஓட வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது உள்ளே இருக்கும் பிரேக். அதில் ஒரு வாஷர் கூடுதலாகப் போட்டிருந்தார். தப்பு தன்னுடையது என்று தெரிந்ததும் கோபம் இரண்டு மடங்கானது. வாஷரைப் பிடுங்கிய வேகத்தில், அரிசி அளவு ஸ்பிரிங் ஒன்று டிங் என்று பறந்தது.

"யாரும் நகராதீங்க!"

கடையில் இருந்ததே மனைவி ஒருத்திதான். அவள் அசையாமல் நின்றாள்.

"உன் பக்கம்தான் வந்துச்சு. எங்க வெச்சே?"

"ஆமா, கேட்ச் பிடிச்சு இடுப்புல சொருகிக்கிட்டேன்."

மேஜைக்குக் கீழே படுத்துத் தேடினார். எழுந்தபோது தலையை இடித்துக்கொண்டார். மேஜையைத் திட்டினார், ரீல் செய்த கம்பெனியைத் திட்டினார், மச்சினனையும் சேர்த்துத் திட்டினார்.

"அவன் என்ன பண்ணான்?" என்றாள் மனைவி.

"ஸ்டூல் வாங்கினான் இல்ல!"

ஸ்பிரிங் அவருடைய சட்டைப் பாக்கெட்டில்தான் இருந்தது. அதை மனைவிதான் எடுத்துக் கொடுத்தாள். கொடுத்ததற்கும் அவளை ஒரு முறை முறைத்தார். பிரேக்கைத் தளர்த்தி, இரண்டு பேரிங்கையும் மாற்றி, ஊதினாலே சுற்றும் அளவுக்கு ரீலை லேசாக்கி மாலையில் கொடுத்தனுப்பினார்.

மறுநாள் காலை கடையைத் திறப்பதற்கு முன்பே கட்டக்காரர் வாசலில் நின்றார்.

"சர்ர்ருனு போயிட்டான் சார்!"

"யாரு?"

"அவன்தான். கையை எடுத்ததுதான் தெரியும். கைப்பிடி விர்ருனு சுத்தி என் விரல்லயே அடிச்சுடுச்சு. நேரா கீழ! நல்லவேளை, அடியில செடி நெறைய இருந்துச்சு. அதுக்குள்ள போயிட்டான்."

மெக்கானிக் துணிப்பையை வாங்கிக்கொண்டார். மீன் செடிக்குள் போய்விட்டால் எவ்வளவு பெரிய ஆள் வந்தாலும் இழுக்க முடியாது. "நரம்பு அறுந்துடுச்சா?"

"அறுந்து போகல. கையால எடுத்துட்டேன். ஆனா அப்போலேர்ந்து சாப்பாட்டைத் தொட மாட்டேங்கிறான் சார். என் முகத்தைக்கூடப் பார்க்க மாட்டேங்கிறான்."

இரையைத் தொடவில்லை என்பது மெக்கானிக்குப் புரிந்தது. அடிபட்ட மீன் அப்படித்தான். கையால் எடுத்ததும் புரிந்தது, ஆழம் கம்மியான இடமாக இருக்கும். முகம் என்பதுதான் இடித்தது. உள்ளே போய் மனைவியிடம் கேட்டார்.

"மீன் முகத்தைப் பார்க்குமா?"

"தினமும் பார்த்துப் பழகியிருக்கும். இப்ப கோபமா இருக்கும். நீங்க என் முகத்தைப் பார்த்து எத்தனை நாளாச்சு?"

"கேட்டேன் பாரு!"

"அவர்கிட்டயே கேளுங்களேன், என்ன மீனு, எங்க பிடிக்கிறீங்கன்னு. பாதி குழப்பம் தீர்ந்துடும்."

"இடத்தைக் கேட்கச் சொல்றியா? என்னையா? இந்தக் கடையில உட்கார்ந்துக்கிட்டா?" குரல் தெருவுக்கே கேட்டது. எதிர்க்கடைத் தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். மெக்கானிக் அவரையும் ஒரு சத்தம் போட்டார். மெஷின் மறுபடி ஓடியது.

இந்த முறை பிரேக்கை நடுவாக வைத்தார். நரம்பு வேகமாக ஓடினால் தெரிய வேண்டும் என்று, ரீலின் பக்கவாட்டில் இருக்கும் கிளிக்கரையும் முறுக்கிவிட்டார். நரம்பு ஓட ஓட அது கடகடவென்று கத்தும். எல்லாப் பெரிய ரீலிலும் உண்டு. மீன் மாட்டினால் தூங்குகிறவன்கூட எழுந்துவிடுவான்.

வியாழக்கிழமை பத்து மணி. துணிப்பை. கட்டம் போட்ட சட்டை.

மெக்கானிக் எழுந்து நின்றார். "சொல்லுங்க."

"வேகம் சரியா இருக்கு சார்..."

"அப்புறம் என்ன?"

"சத்தம். ஊரையே கூட்டிடுச்சு. எல்லாரும் எட்டிப் பார்க்குறாங்க. ஒரு அம்மா கத்தியே விட்டாங்க. அவன் பயந்து துள்ள ஆரம்பிச்சுட்டான். நான்தான் சொன்னேனே, வெளியில தெரிஞ்சா..."

"அதுக்கு நான் என்னய்யா பண்ணட்டும்!" மெக்கானிக் ஸ்குரூ டிரைவரை மேஜையில் அடித்தார். கொக்கிப் பெட்டி ஒன்று கவிழ்ந்தது. "இறுக்கினா நிக்குதுங்கிறீங்க. விட்டா ஓடுதுங்கிறீங்க. ஓடினா கத்துதுங்கிறீங்க. உங்களுக்கு என்னதான் வேணும்? வாயைத் திறந்து சொல்லித் தொலைங்க!"

கட்டக்காரர் ஒரு அடி பின்னால் நகர்ந்தார். ஆனால் பையை விடவில்லை.

"மெதுவா போகணும் சார். ஒரே சீரா. சத்தமே இல்லாம. நடுவுல ஆடக் கூடாது."

"பல்லக்குலயா போறான்?"

"அப்படித்தான் சார் போகணும். அவனுக்கு வயசாகுது."

மெக்கானிக் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கீழே உட்கார்ந்து கொக்கி பொறுக்கிக்கொண்டிருந்த மனைவி, "வெச்சுட்டுப் போங்க அண்ணா. சாயங்காலம் வாங்கிக்கோங்க" என்று முடித்துவிட்டாள்.

அன்று மெக்கானிக் சாப்பிடவில்லை. ரீலைக் கடைசி ஆணி வரைக்கும் கழற்றினார். பல் சக்கரம் ஒவ்வொன்றையும் பிரஷ் போட்டுத் தேய்த்தார். கிளிக்கரை அணைத்தார். பழைய வாஷரைத் தூக்கிப்போட்டுவிட்டு வழுவழுப்பான கார்பன் வாஷர் போட்டு, ஓட்டம் சீராக வரும் வரைக்கும் கெட்டி கிரீஸைத் தடவித் தடவிப் பார்த்தார். கோபத்தில் செய்யும் வேலைதான் அவருக்குச் சுத்தமாக வரும். பிறகு ஆறு கிலோ ஈயக் குண்டை நரம்பில் கட்டி, கடைக்குப் பின்னால் இருந்த மரக்கிளை வழியாக விட்டுப் பார்த்தார். குண்டு சத்தமில்லாமல், மெல்ல, ஒரே வேகத்தில் தரைக்கு வந்தது.

மெக்கானிக் அதைப் பதினோரு தடவை இறக்கிப் பார்த்தார். மனைவி அவரைத் தடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் கட்டக்காரர் வரவில்லை. பதினொன்றுக்கும் வரவில்லை. மெக்கானிக் நான்கு முறை வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்தார்.

"சரியாயிடுச்சு போல" என்றாள் மனைவி.

"சரியாச்சுன்னா வந்து சொல்ல வேண்டாமா? கெட்டுப்போனா மட்டும் விடியறதுக்கு முன்னாடி வந்து நிக்கத் தெரியுதில்ல?" சிறிது நேரம் கழித்து, "பாலத்துக்கு அந்தப் பக்கம் போயிருப்பான். நாலு தடவை அலைஞ்ச மனுஷன் என்ன பண்ணுவான்? ரீலை அங்க காட்டியிருப்பான். அவங்க திறந்து பார்த்துச் சிரிச்சிருப்பாங்க" என்றார். அவருடைய காது சிவந்திருந்தது.

மாலையில் செயலாளர் வந்தார். உட்காரவில்லை.

"நாளைக்குச் சொல்லியாகணும். அந்தப் பக்கக் கடையும் நல்ல கடைதான். ஆனா தினமும் ஆறு கிலோவைத் தாங்குற ரீல் உங்க கையால ஓடுதுன்னா, அதுக்கப்புறம் பேச்சே இல்ல. நான் என் கண்ணால பார்க்கணும். பார்த்துட்டா நாற்பதும் உங்களுக்கு. இல்லைன்னா என்னைத் தப்பா நினைக்காதீங்க."

"இடத்தை எப்படிக் கேட்கிறது?"

"கேட்கவே வேண்டாம். பின்னாடியே போவோம். போறது வேற, கேட்கிறது வேற."

ரீலில் கட்டி, திருப்பிக் கொடுக்கும்போது கழற்றி வைத்த அட்டையில் கட்டக்காரரின் வீட்டு விலாசம் இருந்தது. சனிக்கிழமை காலை ஆறு மணிக்கே இருவரும் அந்த நான்கு மாடிக் கட்டடத்தின் கேட்டுக்கு வெளியே, நிறுத்தியிருந்த வேன் ஒன்றின் மறைவில் நின்றார்கள். செயலாளர் தொப்பி போட்டிருந்தார். கையில் எடை பார்க்கும் தராசு. மெக்கானிக் இரவெல்லாம் தூங்கவில்லை. சட்டைப் பொத்தானை ஒன்று மாற்றிப் போட்டிருந்தார்.

ஆறே கால். ஆறு இருபத்தைந்து. யாரும் கேட்டைத் தாண்டி வெளியே வரவில்லை.

"ஆறரைக்குத் தண்ணியில விடணும்னா இந்நேரம் கிளம்பியிருக்கணுமே" என்றார் செயலாளர்.

"வேற வழியா போயிட்டானா?"

"பின்பக்கமா ஒரு குளம் கிளம் இருக்குமோ?"

கேட்டுக்கு உள்ளே சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்த வாட்ச்மேன் பம்பைக் கீழே போட்டுவிட்டு வந்தார்.

"யாருங்க நீங்க? அரை மணி நேரமா பார்க்குறேன், வேனுக்குப் பின்னாடி நின்னு குசுகுசுங்கிறீங்க."

"ஒருத்தரைப் பார்க்கணும். கட்டம் போட்ட சட்டை போட்டிருப்பாரு. மீன் பிடிக்கிற ரீல் வெச்சிருப்பாரு" என்றார் செயலாளர்.

"ஓ, அவரா? மேலதான் இருக்காரு."

"எப்ப கிளம்புவாரு?"

"எங்க கிளம்புறது?"

செயலாளர் மெக்கானிக்கைப் பார்த்துக் கண்ணடித்தார். "பார்த்தீங்களா, இவரையும் பழக்கி வெச்சிருக்காரு."

மெக்கானிக்கால் அதற்கு மேல் முடியவில்லை. வாஷர், ஸ்பிரிங், கிளிக்கர், மச்சினன், ஸ்டூல் எல்லாம் ஒன்றாகத் தொண்டைக்கு வந்தன. கேட்டின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"யோவ்! நான் இடத்தைக் கேட்கல. என்ன மீனுன்னு கேட்கல. எத்தனை மணிக்குப் போறாரு, எந்தப் பக்கம் போறாரு, ஒண்ணையும் கேட்கல. நாலு நாளா அந்த ரீலோட மாரடிச்சவன் நான். அது ஒழுங்கா வேலை செய்யுதா, இல்லையா? எனக்கு அது ஒண்ணு தெரிஞ்சா போதும்!"

வாட்ச்மேன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கட்டடத்தை ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு, கம்பிக்கு அருகில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"ஒரு குறையும் இல்லீங்க. லிப்டுல பூனையை ஏத்தக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க, அது படியிலயும் இறங்க மாட்டேங்குது, அதான் கூடையில உட்கார வெச்சு மூணாவது மாடியிலேர்ந்து ரீல்ல இறக்குறாரு; இத்தனை நாள்ல நேத்துதான் அது பூ மாதிரி வந்து இறங்குச்சு."